பொது மரக்கால்

போன வருஷம் மாயவரத்திலிருந்து எனக்கு ஒரு தபால் உறை வந்தது. உள்ளே கடிதம் இல்லை. இரண்டு அட்டைகளுக்கு நடுவே நூல் போட்டுக் கட்டிய ஒரு குறுந்தகடு மட்டும் இருந்தது. அதன் மேல், எனக்கு மிகவும் பழக்கமான கையெழுத்தில், "ஒப்பாரி - முழுவதும்" என்று எழுதியிருந்தது. அந்தக் கையெழுத்துக்கு உரியவர் 2009-ஆம் வருஷமே காலமாகிவிட்டார். அனுப்பியவர் அவருடைய மனைவி. இரண்டு நாள் கழித்து அவரே டெலிபோனில் கூப்பிட்டார்.

"அண்ணே, பேரன் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தான். ஒரு எழுத்துகூடத் தமிழா வரல. கொம்பும் வாலுமா ஏதோ இங்கிலீஷ் மாதிரி வருது. உங்களுக்குப் புரியுமேன்னு அனுப்பினேன்."

எனக்குப் புரியும். ஏன் அப்படி வருகிறது என்பது நன்றாகவே புரியும். அதற்குப் பாதிக் காரணம் நான்தான்.

நண்பர் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். சனி ஞாயிறுகளில் மற்ற வாத்தியார்கள் டியூஷன் எடுத்துக்கொண்டிருக்க, இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் பக்கத்துக் கிராமங்களில் கிழவிகளைத் தேடிக்கொண்டு போவார். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடச் சொல்வது லேசான காரியம் அல்ல. அமங்கலம் என்று விரட்டிவிடுவார்கள். இவர் திண்ணையில் உட்கார்ந்து, வெற்றிலை போட்டு, ஊர்க்கதையெல்லாம் பேசி, கடைசியில் கிழவியைக் களத்துமேட்டுக்கோ வாய்க்கால் கரைக்கோ அழைத்துப் போய்ப் பாடவைப்பார். பாடத் தொடங்கினால் அந்தக் கிழவிக்குத் தன் சொந்தச் சாவுகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்துவிடும். இவரும் கூட அழுதுகொண்டே நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். முப்பது வருஷத்தில் நாற்பதுக்கு மேல் நோட்டுகள் சேர்ந்தன. ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் 1999-ல் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். "எந்த எழுத்துருவில் அடிக்கட்டும்?" என்று என்னைக் கேட்டார்.

நான் அப்போது ஓர் இணையப் பத்திரிகையில் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். அந்தப் பத்திரிகைக்கென்று தனியாக ஓர் எழுத்துரு செய்து வைத்திருந்தார்கள். பழைய ஈய அச்சின் தடிப்பும் மெலிவும் அதில் அப்படியே இருக்கும். லகரத்தின் வளைவைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். "இதைத் தவிர வேறு எதிலும் அடிக்காதீர்கள்" என்று நண்பருக்குச் சிபாரிசு செய்தேன். அவர் நாலு வருஷம் உட்கார்ந்து அத்தனையையும் அடித்தார். அடித்து முடித்ததும், வீட்டில் கரையான் தொல்லை என்று நோட்டுகளைப் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிட்டார். என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போட்டார். "எல்லாம்தான் ஏறிவிட்டதே" என்று நானும் சொன்னேன்.

அந்தக் காலத்து ஏற்பாட்டைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டருக்கு எழுத்துத் தெரியாது, எண்தான் தெரியும். ஆங்கிலத்துப் பெரிய ஏ என்றால் 65 என்று உலகம் முழுவதும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். தமிழுக்கு எல்லாருமாக ஏற்று நடந்த எண் அன்று கிடையாது. ஓர் எழுத்துருவில் இருந்த இடங்கள் 256. முதல் 128 ஆங்கிலத்துக்குப் போயிற்று. மிச்சத்தில் பிரெஞ்சு, ஜெர்மன் முதலிய பாஷைகளின் கொம்பு முளைத்த எழுத்துகள் குடியிருந்தன. எழுத்துரு செய்தவர்கள் அந்தக் குடித்தனக்காரர்களின் முகத்தின் மேல் தமிழ் முகத்தை எழுதினார்கள். எண் ஐரோப்பியனுடையது, முகம் நம்முடையது. எழுத்துரு கூட இருக்கும்வரை நம் முகம் தெரியும். எழுத்துரு போய்விட்டால் அடியில் இருந்தவன் எழுந்து உட்கார்ந்துகொள்வான். மாயவரத்தில் பேரன் பார்த்தது அவனைத்தான்.

இதிலும் ஒருவர் போட்ட எண் இன்னொருவருக்கு ஆகாது. ஒரு கடையில் 'க' என்று விற்ற எண் அடுத்த கடையில் 'னு'. ஒவ்வொரு பத்திரிகையின் முகப்பிலும், "படிக்க முடியவில்லையா? எங்கள் எழுத்துருவை இறக்கிக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி இருக்கும். அதை அன்று நான் ஒரு கௌரவமாகவே நினைத்தேன். வெளிநாட்டுத் தமிழர் பலர் கூடி திஸ்கி என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்று இரண்டு வந்தன. தனித்தனியாக இருந்த பல மரக்கால்களுக்குப் பதில் மூன்று நாலு என்று குறைந்ததே ஒரு சாதனைதான். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தார் பழைய நூல்களை முதலில் மயிலை என்ற எழுத்துருவிலும், பிறகு திஸ்கியிலும், அதன் பிறகு யூனிகோடிலும் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு வந்தார்கள். வீடு மாறும்போதெல்லாம் சாமானை எண்ணிப் பார்த்து ஏற்றுகிறவர்கள் அவர்கள். அதனால் அவர்கள் வைத்த நூல்கள் பிழைத்தன. நண்பருக்கு அப்படி எண்ணிப் பார்க்க யாரும் சொல்லித்தரவில்லை.

சொல்ல வந்த ஒருவனை நான் விரட்டிவிட்டேன். 2002-ல் சென்னையில் ஒரு கூட்டத்தில், மீசை சரியாக முளைக்காத ஒரு பையன் எழுந்து, "இனிமேல் யூனிகோடில் எழுதுங்கள், ஐயா. விண்டோஸ் 2000-லேயே தமிழ் வந்துவிட்டது. உங்கள் கதையை இன்னும் ஐம்பது வருஷம் கழித்தும் படிக்கலாம்" என்றான். அவனுக்குப் பதிலாக ஒரு கட்டுரையே எழுதினேன். நல்ல வேளையாக அது ஓர் அச்சுப் பத்திரிகையில் வந்தது. அதனால் இப்போது எடுத்துப் படிக்க முடிந்தது. (அதே வருஷம் இணையத்தில் வந்த என் தொடர்கதையைப் படிக்க முடியவில்லை.) கட்டுரையை நன்றாகவே எழுதியிருக்கிறேன். அதில் சொல்லியிருக்கும் குற்றச்சாட்டுகளில் பல இன்றும் பொய் இல்லை. அதுதான் என்னை யோசிக்க வைக்கிறது.

குற்றச்சாட்டுகளைச் சொல்கிறேன். யூனிகோடு என்பது உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் ஒரே அட்டவணையில் ஆளுக்கொரு எண் கொடுக்கும் ஏற்பாடு. 1991-ல் அதன் முதல் பதிப்பு வந்தது. நடத்துகிற சங்கம் கலிபோர்னியாவில் இருக்கிறது. அதில் ஓட்டுரிமை உள்ளவர்களில் பெரும்பாலோர் பெரிய கம்பெனிகள். இந்திய எழுத்துகளுக்கு 1988-ல் நம் நாட்டிலேயே செய்து வைத்திருந்த இஸ்கி என்ற அட்டவணையை அவர்கள் அச்சாக எடுத்துக்கொண்டார்கள். தேவநாகரிக்குத் தைத்த சட்டை அது. அதையே வங்காளிக்கும் தெலுங்குக்கும் தமிழுக்கும் மாட்டினார்கள். அதனால் நம் 'க'வுக்கும் 'ங'வுக்கும் நடுவே மூன்று காலி இடங்கள் இருக்கின்றன. நம்மிடம் என்றுமே இல்லாத மூன்று ககரங்களுக்காகப் போட்ட நாற்காலிகள் அவை. 'ந'வுக்கு அடுத்து 'ன' உட்கார்ந்திருக்கிறது, 'ர'வை ஒட்டி 'ற'. எந்தத் தமிழ் அகராதியும் அந்த வரிசையில் போகாது. ஆய்த எழுத்துக்கு அந்த ஏட்டில் 'விசர்க்கம்' என்று பெயர். ழகரத்துக்கு ஆங்கிலத்து எல் என்ற எழுத்தை மூன்று தரம் எழுதி ஒரு பெயர். ஒரு தரம் பெயர் வைத்துவிட்டால் மாற்றக்கூடாது என்பது அவர்களுடைய விதி. தப்பு என்று அவர்களே ஒப்புக்கொண்டாலும் மாற்றமாட்டார்கள்.

இன்னொன்று எனக்கு மிகவும் உறுத்தியது. நாம் குழந்தைக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறோம்? 'க்' என்பது மெய், உடம்பு. 'அ' என்பது உயிர். இரண்டும் சேர்ந்தால் 'க'. யூனிகோடில் 'க' என்பதுதான் முதல். அதற்குப் பின்னால் புள்ளி என்று தனியாக ஒரு குறியைச் சேர்த்தால் 'க்'. அதாவது, உயிரும் உடம்புமாக இருக்கிற ஆளிலிருந்து உயிரைக் கழித்த மிச்சம்தான் உடம்பு என்கிறது அந்தக் கணக்கு. தொல்காப்பியர் வழியில் வந்தவனுக்கு இது தலைகீழ். செலவும் அதிகம். இணையத்தில் இந்த எண்களை அனுப்புவதற்கு யு.டி.எஃப்-8 என்று ஒரு முறை உண்டு. 1992-ல் நியூஜெர்சியில் ஒரு சாப்பாட்டுக் கடையில், தட்டுக்கு அடியில் போடும் காகிதத்தில் இரண்டு பேர் எழுதிப் பார்த்துக் கண்டுபிடித்தது. அதன்படி ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும், கிரேக்கத்துக்கும் ரஷ்யத்துக்கும் அரபுக்கும் இரண்டு, நமக்கு மூன்று. 'க்' என்றால் ஆறு. டெலிபோனில் அனுப்பும் குறுஞ்செய்தியிலும் ஆங்கிலக்காரனுக்கு 160 எழுத்து கொடுக்கிற இடத்தில் நமக்கு 70 குறிதான். ஒரே பஸ்ஸில் ஒருவனுக்கு ஒரு டிக்கெட், இன்னொருவனுக்கு மூன்று டிக்கெட் என்பதுபோல.

இத்தனையும் சொல்லிவிட்டு, "நம் வீட்டுக்குப் பெயர்ப்பலகை எழுத அயலான் யார்?" என்று அந்தக் கட்டுரையை முடித்திருந்தேன். கைதட்டல் கிடைத்தது. மாயவரத்து நண்பர் கார்டு போட்டு, "தங்கள் வாதத்துக்கு மறுப்பே இல்லை. நானும் மாறப்போவதில்லை" என்று எழுதினார்.

வாதத்தில் ஓட்டை எங்கே இருந்தது என்று இப்போது தேடிப் பார்க்கிறேன். பொது விதி நம்மைக் கேட்டுச் செய்யப்படவில்லை என்பது வாஸ்தவம். ஆகவே அதற்கு நாம் கட்டுப்பட வேண்டியதில்லை என்று தாண்டினேன் அல்லவா, அங்கேதான் கால் இடறியிருக்கிறது.

என் சின்ன வயதில் எங்கள் ஊர் மிராசுதார் ஒருவர் வீட்டில் இரண்டு மரக்கால் இருந்தன. வாரம் வாங்க ஒன்று, கூலி அளக்க ஒன்று. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அடியில் கட்டை கொஞ்சம் கூடுதல் குறைச்சல். கூலிக்காரிக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்து என்ன செய்வாள்? அளக்கிறவன் கையில் மரக்கால். 1957-ல் அணா போய் நயா பைசா வந்தபோதும், அடுத்து படி போய்க் கிலோ வந்தபோதும், அந்த வீட்டுத் திண்ணையில்தான் அதிகக் கூச்சல். "நம் பாட்டன் பூட்டன் அளந்த அளவை டில்லிக்காரன் எப்படி மாற்றலாம்?" என்று அவர் கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. நியாயமான கேள்வி மாதிரிதான் இருந்தது. ஆனால் களத்தில் முந்தானையை ஏந்திக்கொண்டு நின்ற பொம்பளைகள் ஒருத்தியும் அந்தக் கேள்வியைக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஆடவல்லான் என்று ஒரு மரக்கால் வருகிறது; ராஜகேசரி என்ற அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும் என்று அதற்கு விதி. ராஜராஜன் அந்த விதியைச் செய்யும்போது உழவனை உட்காரவைத்துக் கேட்டிருக்கமாட்டான். ஆனாலும், கோயிலுக்கு நெல் அளந்தவன் எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் அந்த அளவைச் சொல்லிச் சண்டைபோட முடிந்திருக்கும். பொது அளவை யார் செய்தார்கள் என்பது ஒரு கேள்வி. அது இல்லாவிட்டால் யார் யாருக்கு அடங்கிக் கிடப்பார்கள் என்பது வேறு கேள்வி. நான் முதல் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு இரண்டாவதைக் கேட்காமல் எழுந்துவிட்டேன்.

தனி எழுத்துருவில் எழுதுகிறபோது, எழுதுகிறவனுக்கும் படிக்கிறவனுக்கும் நடுவே ஒருவன் சாவிக்கொத்தோடு நிற்கிறான். அவன் நல்லவனாகவே இருக்கலாம். எங்கள் பத்திரிகைக்காரர்கள் நல்லவர்கள்தான். காசு வாங்காமல் எழுத்துருவைக் கொடுத்தார்கள். ஆனால் நல்லவர்களுக்கும் வேலை மாறும், சலிப்பு வரும், சாவும் வரும். 2006-ல் அந்தப் பத்திரிகை நின்றுபோயிற்று. சாவி எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது.

அதற்கு முன்பே எனக்கு ஓர் எச்சரிக்கை வந்தது. கண் தெரியாத கல்லூரி ஆசிரியர் ஒருவர், யாரையோ கொண்டு எழுதவைத்து ஒரு கடிதம் போட்டிருந்தார். அவரிடம் எழுத்தைப் படித்துச் சொல்லும் யந்திரம் இருந்தது. என் தொடர்கதையின் பெயரைக் கேள்விப்பட்டு அதில் போட்டுப் பார்த்திருக்கிறார். யந்திரம் ஐரோப்பிய எழுத்துகளின் பெயர்களை ஒவ்வொன்றாக ஒப்பித்ததாம். "தங்கள் கதை பிரெஞ்சில் இருக்கிறது என்று நினைத்துவிட்டேன்" என்று வேடிக்கையாக எழுதியிருந்தார். நானும் சிரித்துவிட்டு, அச்சில் வரும்போது யாரையாவது படிக்கச் சொல்லிக் கேளுங்கள் என்று பதில் எழுதினேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்று உடம்பு கூசுகிறது. லகரத்தின் வளைவை ரசித்த என் கண்ணுக்காக அவருடைய காதை அடைத்திருக்கிறேன்.

இந்தக் குற்றம் நமக்கு மட்டும் உரியது அல்ல. உருதுப் பத்திரிகைகள், நஸ்தலீக் என்னும் சாய்ந்து இறங்கும் எழுத்தழகை விட மனம் இல்லாமல், இன்பேஜ் என்ற செயலியில் அடித்த செய்தியைப் பல வருஷம் படமாகப் பிடித்தே இணையத்தில் மாட்டிக்கொண்டிருந்தன. படத்துக்குள் ஒரு சொல்லைத் தேட முடியாது. பர்மாவில் ஜோஜி என்ற எழுத்துரு நாடு முழுவதும் பரவி, யூனிகோடில் எழுதுகிறவன் எழுதியது அவர்களுக்கும், அவர்கள் எழுதியது இவனுக்கும் புரியாமல் போய், கடைசியில் 2019 அக்டோபர் 1 என்று நாள் குறித்து மாறவேண்டியிருந்தது. பிடிவாதம் எல்லா ஊரிலும் அழகு என்ற பெயரில்தான் வருகிறது.

பொது அட்டவணைக்குள் போய்ச் சண்டைபோட்டவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கவும் செய்தது. வங்காளிகள் தங்கள் கண்ட தகரத்துக்குத் தனி எண் கேட்டு 2005-ல் வாங்கினார்கள். மலையாளிகள் சில்லெழுத்துகளை 2008-ல் பெற்றார்கள். அதே 2008-ல் சந்தாலிகளின் ஒல் சிக்கி எழுத்தும், நம் மதுரையில் சௌராஷ்டிரர்கள் வைத்திருக்கும் எழுத்தும் உள்ளே வந்தன. சௌராஷ்டிர எழுத்துக்கு எந்த வியாபாரி கடை திறப்பான்? அதற்கும் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் ஒரே ஏட்டில் இடம் என்றபோது எனக்கு அந்த அமெரிக்காக்காரன் மேல் இருந்த கோபத்தில் பாதி போய்விட்டது. நமக்கும் 2019-ல் பழைய கணக்குக் குறிகள் 51 கிடைத்தன. முந்திரி, காணி, மா என்று என் பாட்டி வாய்ப்பாடாகச் சொன்னவையும், ஆழாக்கு, உழக்கு, குறுணி, பதக்கு என்று நெல் அளந்தவையும் அதில் இருக்கின்றன. மரக்கால் போய், மரக்கால் கணக்குக் குறி மட்டும் பத்திரமாக இருக்கிறது.

ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் முழுசாக ஓர் எண் கொடுத்து, டேஸ் 16 என்று ஒரு முறையும் செய்தார்கள். 2010-ல் தமிழ்நாட்டு அரசு யூனிகோடைப் பொதுத் தரமாக ஏற்றபோது, அது செல்லாத இடத்துக்கு இதை வைத்துக்கொள்ளலாம் என்றது. இலக்கணப்படி பார்த்தால் அதுதான் ஒழுங்கு என்று எனக்கு இன்றும் படுகிறது. ஆனால் அட்டவணையில் 'யாரும் எப்படியும் வைத்துக்கொள்ளலாம்' என்று விட்டிருக்கும் புறம்போக்கில்தான் அதற்கு இடம். புறம்போக்கில் கட்டிய வீடு எத்தனை அழகாக இருந்தாலும் பேரனுக்குப் பட்டா கிடையாது.

எழுத்தழகு போய்விடும் என்று நான் பயந்ததும் வீண். அந்த எண் உருவத்தை ஒன்றும் செய்வதில்லை. 1978-ல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்து 'லை'யின் தும்பிக்கையை எடுத்தது. யூனிகோடுக்குத் தும்பிக்கை இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அது 'ல'வும் ஐகாரமும் என்று மட்டும் குறித்துக்கொள்கிறது. எப்படி வரைவது என்பது எழுத்துருவின் பாடு. எனக்குப் பிடித்த ஈய அச்சு வளைவையும் பொது எண்ணின் மேல் போர்த்தியிருக்கலாம். யாரும் தடுக்கவில்லை.

பேரன் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு என் வீட்டுக்கு வந்து தங்கினான். எஞ்சினீயரிங் படிக்கிறான், தாத்தாவின் மூக்கு. எழுத்துருவை எங்கெங்கோ தேடினோம், கிடைக்கவில்லை. என் பழைய பெட்டியில், 2003-ல் நண்பர் அபிப்பிராயம் கேட்டு அனுப்பிய இரண்டு தாள்கள் இருந்தன. அவர் வீட்டில் அச்செடுத்தவை, ஒரே ஒரு ஒப்பாரி. அதே பாட்டு தகட்டிலும் இருந்தது. தாளையும் தகட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இந்தக் கொம்பு 'ம', இந்த வால் 'ணு' என்று பையன் ஓர் அகராதி எழுதினான். எகிப்தில் கல்லைப் படித்தவர்கள் இப்படித்தான் படித்திருப்பார்கள். அவர்களுக்கு அரசன் பெயர் கிடைத்தது, எங்களுக்கு ஆக்கூர்க் கிழவியின் புருஷன் பெயர். மூன்றாம் நாள் ராத்திரி முதல் பாட்டு தமிழாக எழுந்தது. இருவரும் காப்பி போட்டுக் குடித்தோம்.

அதன் பிறகுதான் கண்டங்கள். முதல் கண்டம், எங்கே பார்த்தாலும் 'ரி' இருக்க வேண்டிய இடத்தில் காலும் கொக்கியும். ரகரத்தின் அடிக்காலை எடுத்துவிட்டால் துணைக்கால்தானே? பழைய எழுத்துருக்காரர்கள் சிக்கனத்துக்காக இரண்டுக்கும் ஒரே எண்ணை வைத்துவிட்டார்கள். பார்க்க 'அரிசி'தான், உள்ளே அது அரிசி இல்லை. இப்படி மாற்றிய பக்கங்கள் இணையத்தில் ஏராளமாகக் கிடக்கின்றன. 'ஔவை' என்று எழுத வேண்டியதை ஒகரமும் ளகரமுமாகப் போட்டு 'ஒளவை' என்று எழுதியவையும் அப்படித்தான். கண் ஏமாந்துவிடும், தேடுகிற யந்திரத்துக்கு அவள் வேறு கிழவி. இந்தத் தொல்லை பழையது. ஏட்டுச் சுவடியில் புள்ளி வைக்கமாட்டார்கள், ரகரத்துக்கும் காலுக்கும் வித்தியாசம் காட்டமாட்டார்கள். 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட சாமிநாதையர் அப்படிப்பட்ட ஏடுகளோடுதான் மல்லுக்கட்டினார். நூறு வருஷம் கழித்து, வசதி எல்லாம் வந்த பிறகு, நாமும் அதே ஏட்டைத் திரும்ப எழுதியிருக்கிறோம். ஆனால் இதற்கு விதி உண்டு. காலுக்குப் பின்னால் கொக்கியோ புள்ளியோ வந்தால் அது ரகரம்தான். பையன் ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டான்.

இரண்டாவது கண்டத்துக்கு விதி இல்லை. தாளில் இருந்த இகரம் தகட்டில் இல்லை. ஒரு இடத்தில் அல்ல, ஒரே ஒரு இகரம்கூட, தகடு முழுவதிலும். 'இல்லை' என்பது 'ல்லை' என்று நின்றது. பையன் கண்டுபிடித்தான். எங்கள் எழுத்துருவில் இகரத்துக்கு 173-ஆம் இடத்தைக் கொடுத்திருந்தார்கள். ஐரோப்பிய அட்டவணையில் அந்த இடம் ஒரு மறைகோட்டுக்கு உரியது. வரி முடியும்போது சொல்லை உடைக்க மட்டும் அது வெளியே தெரியும். நண்பர் 2004-ல் புதுக் கம்ப்யூட்டர் வாங்கிக் கோப்புகளை மாற்றியபோது, அதிலிருந்த செயலி அவற்றை வேண்டாத கோடுகள் என்று நினைத்துக் கூட்டித் தள்ளிவிட்டது. விட்ட இடத்தில் இடைவெளிகூட இல்லை.

பெரும்பாலும் ஊகித்துவிடலாம். தமிழில் 'ல்லை' என்றோ 'ருந்து' என்றோ சொல் தொடங்காது. அங்கெல்லாம் இகரத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்தோம். சில இடங்களில் இகரம் இருந்தாலும் பொருள் வருகிறது, இல்லாவிட்டாலும் வருகிறது. ஒரு பாட்டில், புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி, கண்ணுக்கு அவன் என்னவாக இருந்தான் என்று சொல்லி அழுகிறாள். தகட்டில் 'மையா ருந்தீரே' என்று இருக்கிறது. இரண்டாவது சொல்லின் தலையில் இகரம் போனது கண்கூடு. முதல் சொல்லில் போயிற்றா? மையா, இமையா?

மோனையைப் பார்த்தால் இமைதான் என்றேன் நான். 'இமையா இருந்தீரே' என்பது காதுக்கு இழைகிறது. "முந்தின வரி மஞ்சள்னு ஆரம்பிக்குதே, தாத்தா. மகரத்துக்கு மகரம் சரியாத்தானே இருக்கு?" என்றான் பையன். பாடியவளின் பெயர் பாட்டின் அடியில் இருந்தது. அவள் போய் நாற்பது வருஷம் ஆகியிருக்கும். எழுதிக்கொண்டவரும் இல்லை. நோட்டு எந்த ஊரில் எந்தப் பொட்டலமாகப் போயிற்றோ.

மாயவரத்துக்கு டெலிபோன் போட்டோம். பையன் விஷயத்தை விளக்கினான். அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"மைன்னே வைங்க, அண்ணே" என்றார் அந்த அம்மாள். "அன்னிக்கு முதல்ல மையைத்தானே அழிச்சு விடுறாங்க. அழிச்சதைச் சொல்லித்தானே அழுவா."

எனக்குப் பேச்சு எழவில்லை. 'மை' என்று அடித்துவிட்டு அன்று படுத்துக்கொண்டோம். மறுநாள் விடிவதற்குள் அவரே மறுபடி கூப்பிட்டார்.

"ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பாத்தேன். நீங்க சொன்ன இமையும் சரியாத்தான் இருக்கும்போல. நான் என் மனசை வெச்சுச் சொல்லிட்டேன். அந்தப் பொம்பளை என்ன சொன்னான்னு அவருக்குத்தான் தெரியும்."

பையன் அந்த இடத்தில் ஒரு வெறும் கட்டம் போட்டு, அதை அடுத்து 'மையா' என்று வைத்திருக்கிறான். அப்படிப்பட்ட கட்டங்கள் இதுவரை பதினேழு வந்திருக்கின்றன. இன்னும் பாதித் தகடு பாக்கி இருக்கிறது.